அதிபர் காலடியில் ஈரம்

கொட்டகலையிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் ஒரு தோட்டப் பாடசாலை இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். அதன் அதிபர் உயிரோடு இருக்கிறார். கையில் கிடைப்பதையெல்லாம் வாசிக்கிற பழக்கமும் அவருக்கு உண்டு. ஹட்டனில் குடியிருக்கும் எட்டு ஆசிரியர்களையும் அந்த அதிபரையும் காலையில் ஏற்றிக்கொண்டுபோய், பாடசாலை விட்டதும் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவது சுதர்ஷினியின் வேன். அந்த எட்டுப் பேரில் நானும் ஒருவன். கணிதப் பாடம். கடைசி சீட், இடது ஜன்னல்.

சுதர்ஷினிக்கு முப்பத்தொன்பது வயது. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போய், ஒன்பது வருடம் ஆடைத் தொழிற்சாலையில் காற்சட்டைக்கு ஸிப் தைத்தார். வெளிநாட்டில் பாதி ஆம்பிளைகளின் மானம் அந்தக் காலத்தில் தன் கையில்தான் இருந்தது என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு நிரோஷனைக் கல்யாணம் செய்து ஹட்டனுக்கு வந்தார். நிரோஷன் வேன் ஓட்டினார். இவர் வீட்டில் இருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று லைசன்ஸ் மட்டும் எடுத்து அலுமாரியில் வைத்திருந்தார்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் வழியில் குடித்திருக்கிறாரா என்று பார்க்கப் பொலிஸ் நீட்டிய பலூனை நிரோஷன் ஊதினார். பலூன் நிறம் மாறியது. அவருடைய லைசன்ஸ் ஆறு மாதத்துக்குப் போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த எங்கள் முன்னால் வேன் வந்து நின்றபோது, ஸ்டியரிங்கில் சுதர்ஷினி இருந்தார். எங்களில் இரண்டு பேர் ஏறுவதா வேண்டாமா என்று யோசித்தார்கள். நான் யோசித்ததை வெளியே காட்டவில்லை. அவர் எங்களைப் பத்து நிமிடம் முன்னதாகவே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆறு மாதம் முடிந்து நிரோஷனின் லைசன்ஸ் திரும்பி வந்தது. வேன் சாவிதான் அவரிடம் திரும்பிப் போகவில்லை. அன்றிலிருந்து நிரோஷன் வீட்டிலிருந்தபடி தொலைபேசியில் வீடியோ பார்த்து வேனுக்கு ஆலோசகர் ஆனார்.

கதை போன வருடம் ஜூன் மாதம் தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் ஜூன் என்றால் மழை. விடிந்ததா இல்லையா என்று தெரியாத வெளிச்சம். தேயிலை மலைக்கு மேல் பனிமூட்டம். அன்று காலை கொட்டகலையைத் தாண்டி தோட்டப் பாதையில் திரும்பி, முனியாண்டி கோவில் வளைவில் ஏறும்போது, டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து கிளம்பி சிவப்புக் கோட்டுக்குப் போனது. சுதர்ஷினி வேனை ஓரங்கட்டினார். அந்த வேனில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில். என்ஜினைப் பார்க்க வேண்டுமானால் முன்சீட்டில் இருப்பவரை இறக்க வேண்டும். முன்சீட்டில் இருப்பவர் அதிபர்.

அதிபருக்கு, சின்னராசா என்று வைத்துக்கொள்வோம், ஐம்பத்தெட்டு வயது. நெட்டையான, மெலிந்த மனிதர். மழையானாலும் வெயிலானாலும் வெள்ளைக் காலுறை. இருபது வருடமாக அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. பாடசாலையில் அவருடைய தேநீரில் சீனி போட்ட ஆசிரியர் ஒருவரை அடுத்த வருடம் வலயக் கல்வி அலுவலகம் வேறு பாடசாலைக்கு மாற்றியது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அதிபர் சொல்வார். சீனி வருத்தத்தில் அவருடைய பாதம் மரத்துப்போய் எப்போதும் குளிரும். அதனால் முன்சீட்டில் ஏறியதும் அவர் செய்கிற முதல் வேலை, ஹீட்டரின் நெம்பை, அந்தச் சின்னக் கைப்பிடியை, சூடு வரும் சிவப்புப் பக்கம் தள்ளுவது. சுதர்ஷினிக்குக் குளிர் பழக்கம். மற்ற நேரங்களில் அந்த நெம்பை யாரும் தொடுவதில்லை.

அன்று அதிபரை இறக்கி, சீட்டைத் தூக்கி, அரை மணி நேரம் ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே தண்ணீர் பாதிக்குக்கூட இல்லை. சுதர்ஷினி குந்தி வேனுக்கு அடியில் பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. பாதையோரம் மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்து ஊற்றினோம். தண்ணீர் எங்கே போனது என்று எட்டு ஆசிரியர்களும் எட்டு விதமாகச் சொன்னோம். விஞ்ஞானப் பாடம் எடுக்கும் நிஷாந்தி டீச்சர், முனியாண்டிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

வீட்டில் நிரோஷன் வீடியோ பார்த்து மூடிதான் பிழை என்றார். மூடி மாற்றப்பட்டது. அடுத்த நாளும் முள் ஏறியது. நிரோஷன் இன்னொரு வீடியோ பார்த்தார். என்ஜின் சூடானால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட வேண்டும், சூட்டை அது இழுத்துக்கொள்ளும் என்று அதில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தாராம். பொதுவாக அது சரியான ஆலோசனைதான். சுதர்ஷினியும் முள் ஏறும்போதெல்லாம் ஹீட்டரை முழுதாகத் திறந்தார். வேன் இன்னும் வேகமாகத் தண்ணீர் குடித்தது.

அந்த வாரக் கடைசியில்தான் ஈரம் கண்ணில் பட்டது.

நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். அதிபர் முன்னால் போய்விட்டார். நிஷாந்தி டீச்சரின் குடை முன்சீட்டுப் பக்கம் உருண்டிருந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் எடுக்காமல் நிமிர்ந்தார். அதிபரின் காலடிக் கம்பளம் நனைந்திருந்தது. மழைக்காலத்தில் கம்பளம் நனைவது புதினமில்லை. ஆனால் அந்த ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு மாதிரியான இனிப்பு வாசமும் அதிலிருந்து வந்தது. கம்பளத்தின் ஓரத்தில் எறும்பு வரிசை ஒன்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

நிஷாந்தி டீச்சர் விஞ்ஞானம் படித்தவர். சீனி வருத்தக்காரரின் சிறுநீரில் எறும்பு மொய்க்கும் என்று பத்தாம் ஆண்டுக்குப் படிப்பிப்பவர். அவர் என்னைப் பார்த்தார். நான் கம்பளத்தைப் பார்த்தேன். இடைவேளை மணி அடிப்பதற்குள் எட்டுப் பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் நடந்துகொண்ட விதத்தைப் பெருமையாகச் சொல்ல முடியாது. அதிபர் ஏறியதும் எல்லோரும் ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்தோம். பனிக்காற்று உள்ளே வந்தது. குளிர்கிறது என்று அதிபர் ஹீட்டரை இன்னும் கூட்டினார். முன்கண்ணாடியில் ஒரு பிசுபிசுப்பான புகை படிந்தது. அதை அவர் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மோசமானது. பாவம், பெருமூச்சு விடுகிறார், அதனால்தான் கண்ணாடி இப்படி ஆகிறது என்று பின்சீட்டில் யாரோ இரக்கப்பட்டார்கள்.

சுதர்ஷினி எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பும் பின்பும் ஒரே சோடாப் போத்தலால் தண்ணீர் ஊற்றி, எத்தனை போத்தல் என்று கலண்டரில் கோடு போட்டார். பாடசாலை நாளில் இரண்டு, இரண்டரை. சனிக்கிழமை ஒரு குடும்பத்தை நானுஓயா ரயில் நிலையத்திலிருந்து நுவரெலியாவுக்கும், அங்கிருந்து பட்டிப்பொல வரைக்கும் ஏற்றிப்போனார். அது இந்த ஏற்றத்தைவிடப் பெரிய ஏற்றம். ஒரு சொட்டும் குறையவில்லை. முள் நடுவிலேயே நின்றது.

பேய் பிடித்தது திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் ஆடுகிறதே என்று அவர் வேனை ஹட்டனில் இஸ்ஸதீன் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனார். இஸ்ஸதீன் முப்பது வருடமாக டீசல் என்ஜினோடு வாழ்கிறவர். மனைவியை விட என்ஜின்தான் அவரிடம் அதிகம் பேசுகிறது என்பார்கள். வேனை இரவு கராஜில் விட்டுப்போகச் சொல்லி, காலையில் என்ஜின் நன்றாக ஆறிய பிறகு வேலையைத் தொடங்கினார். எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் கலந்தால் எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வரும், அப்படி வரவில்லை. ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று பார்த்தார். என்ஜின் தலையை அடைத்திருக்கும் ஹெட் கஸ்கெட் போயிருந்தால் வரும், வரவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. கடைசியாக மீட்டர் பூட்டிய கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி, காற்று அடித்துவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்து வந்து பார்த்தார். மீட்டர் முள் அடித்த இடத்திலேயே நின்றது. எங்காவது ஓட்டை இருந்தால் அது இறங்கியிருக்க வேண்டும்.

"ஒழுக்கு ஒன்டும் இல்ல தங்கச்சி" என்றார். "தண்ணி போகுதுன்டு நீங்க சொல்றீங்க. போகல்லன்டு பம்ப் சொல்லுது. நான் யார நம்புற?"

இருந்தாலும் மனசு கேட்காமல் தேர்மோஸ்டாட் வால்வையும் இரண்டு பழைய ஹோஸ்களையும் மாற்றினார். பீலித் தண்ணீர் ஊற்றி ஊற்றி என்ஜினைத் துருப்பிடிக்க விடாதீர்கள் என்று ஏசி, எல்லாவற்றையும் கழுவி, சூட்டைத் தணிக்கிற புது கூலன்ட் திரவம் நிரப்பினார். நல்ல கிளிப்பச்சை நிறம்.

திங்கட்கிழமை அதிபர் ஏறினார். முனியாண்டி வளைவில் முள் ஏறியது.

இப்போது எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதிபர் ஏறினால் வேன் கொதிக்கிறது. அதிபர் ஏறாவிட்டால் கொதிக்கவில்லை. அதிபர் ஒரு பக்கம் நனைக்கிறார், அவருடைய ராசி மறுபக்கம் தண்ணீரை வற்றவைக்கிறது. இதை நான்தான் சொன்னேன். ஒரு பக்கம் தண்ணீர் குறைகிறது, மூன்றடி தள்ளி மறுபக்கம் ஈரம் கூடுகிறது. இரண்டையும் கூட்டிப் பார்க்கத் தோன்றாத கணித ஆசிரியர் இலங்கையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கூட்டம் போட்டோம். அதிபரைப் பின்சீட்டுக்கு மாற்ற வேண்டும், அல்லது கீழே பிளாஸ்டிக் விரிக்க வேண்டும் என்று நிஷாந்தி டீச்சர் பிரேரித்தார். நான் வழிமொழிந்தேன். அதிபரிடம் இதை யார் சொல்வது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் சுதர்ஷினியைப் பார்த்தார்கள்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "படிச்சவங்க எட்டுப் பேரு இருக்கீங்க" என்றார். "அந்த மனுசன் வயசுக்கு நான் எப்புடிங்க சேர் வாயத் தொறந்து சொல்றது?"

நாங்கள் விடவில்லை. இப்படியே போனால் வேறு வேன் பார்க்க வேண்டி வரும் என்று யாரோ ஒருவர் சொன்னார். அந்த யாரோவின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. இரண்டு நாள் கழித்து சுதர்ஷினி கொட்டகலை கடைத்தெருவில் ஒரு நீலப் பிளாஸ்டிக் விரிப்பு வாங்கி, முன்சீட்டின் அடியில் மடித்து விரித்தார்.

மறுநாள் காலை அதிபர் கதவைத் திறந்தார். விரிப்பைப் பார்த்தார். வழக்கமாக அவர் ஏறும்போது அன்றைய மழையைப் பற்றி ஒரு வசனம் சொல்வார். அன்று சொல்லவில்லை. காலை மெதுவாக அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் வைத்தார். பாடசாலை வரும்வரை முன்னால் இருந்து ஒரு சத்தமும் இல்லை. கால் அசைந்தால் பிளாஸ்டிக் சரசரக்கும் என்று அவர் காலைக்கூட அசைக்கவில்லை போலிருக்கிறது. இறங்கும்போது சுதர்ஷினியிடம் மட்டும், டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், நாளையிலிருந்து பஸ்ஸில் கொட்டகலை வரை வந்து மேலே நடந்து வருகிறேன் என்றார்.

அந்த மழையில் மூன்று மைல் ஏற்றம். முதல் நாள் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்று பாதி வழியில் அவரை ஏற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் நாள் நடந்தே வந்தார். முனியாண்டி வளைவில் குடையோடு ஒதுங்கி நின்று எங்கள் வேனுக்கு வழிவிட்டார். நாங்கள் கைகாட்டினோம். அவரும் காட்டினார்.

வேன் சரியாகிவிட்டது. ஒன்பது நாள். முள் அசையவில்லை, கம்பளம் காய்ந்தது, எறும்புகள் வேறு வேலை பார்க்கப் போயின. நாங்கள் சொன்னதே சரி என்று எங்களுக்குத் திருப்தி. சுதர்ஷினி மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் நான் இறங்கும்போது கேட்டார்.

"சேர், ஒன்னு கேக்குறேன். அவரு நனைச்சாருன்னே வச்சுக்குவோம். அதுக்கு ரேடியேட்டர்ல ஏன் தண்ணி கொறையுது?"

இரண்டும் வேறு வேறு விஷயம் என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பவில்லை என்பது ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது.

பத்தாம் நாள் நிஷாந்தி டீச்சருக்குத் தடிமன், ஓயாத தும்மல். முன்சீட்டு காலியாகத்தானே இருக்கிறது என்று அதில் ஏறினார். விரிப்பை மடித்துப் பின்னால் தள்ளினார். அன்று பாதை தெரியாத பனிமூட்டம். கொட்டகலையில் அவர் கைகளைத் தேய்த்தபடி ஹீட்டர் நெம்பைச் சிவப்புப் பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் அந்தப் பிசுபிசுப்பான புகை படிந்தது. முனியாண்டி வளைவில் முள் ஏறியது.

சுதர்ஷினி ஓரங்கட்டினார். நிஷாந்தி டீச்சர் இறங்கினார். கிறீம் நிறச் சேலை. அதன் கரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நனைந்து, கிளிப்பச்சையாகி இருந்தது.

எல்லோரும் அந்தக் கரையைப் பார்த்தோம். பனிமூட்டத்துக்குள் எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. பிறகு நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன்.

"டீச்சருக்கும் சீனியா?"

நிஷாந்தி டீச்சர் இன்றுவரை அதற்காக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் சுதர்ஷினி அதற்குள் முன்கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தொலைபேசி வெளிச்சத்தை அடித்துக்கொண்டிருந்தார். கையை மேலே விட்டுத் தடவினார். வெளியே எடுத்து முகர்ந்தார். விரல் நுனியில் பச்சை. ஹீட்டர் நெம்பை நீலப் பக்கம் தள்ளிவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தார். சொட்டுவது மெல்ல மெல்ல நின்றது. திரும்பச் சிவப்புப் பக்கம் தள்ளி, என்ஜினை ஓடவிட்டார். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பிறகு ஒழுங்காக விழத் தொடங்கியது.

வெளியே வந்து கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"எந்த மனுசனும் பச்சையா போக மாட்டான்" என்றார். "கால்சட்ட காஞ்சு கெடக்கறப்ப கம்பளம் மட்டும் எப்புடி நனையும்னு நாம ஒருத்தரும் கேக்கலியே. அதிபர் சேர் ஏறுனா ஹீட்டரு போடுவாரு. சேர் இல்லாட்டி யாரும் போடுறதில்ல. நாம ஆளப் பாத்தோம், நெம்பப் பாக்கல."

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தோம். பட்டதாரிகள் ஆறு பேர்.

அன்று மத்தியானம் எங்களை இறக்கிவிட்டு, ஆற விடாமல், சூடாகவே வேனை இஸ்ஸதீன் நானாவிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நடந்ததை அவர் சொன்னதும் இஸ்ஸதீன் முதலில் தன் பம்பை விட்டுக்கொடுக்கவில்லை. பம்ப் பொய் சொல்லாது என்றார். பம்ப் பொய் சொல்லவில்லை, ஆறின வண்டியில் உண்மை சொன்னது, இப்போது சூட்டோடு கேட்டுப் பாருங்கள் என்றார் சுதர்ஷினி. ஹீட்டரைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, என்ஜினை நிறுத்தி, துணி சுற்றிப் பக்குவமாக மூடியைக் கழற்றி, இஸ்ஸதீன் பம்பை மாட்டி அடித்தார். மீட்டர் முள் நின்றது. யோசித்தது. பிறகு வழுக்கிக்கொண்டு இறங்கியது. டாஷ்போர்டுக்குள் பாம்பு சீறுவது போல ஒரு சத்தம்.

ஒரு மணி நேரத்தில் ஹீட்டர் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு புத்தகத்தின் அளவு. சின்ன ரேடியேட்டர் என்றே சொல்லலாம். என்ஜினின் சூடான தண்ணீர் அதற்குள் ஓடும், பின்னால் இருக்கும் விசிறி அந்தச் சூட்டைக் காலடிக்குத் தள்ளும். அதன் ஓரத்தில், நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்ளும். சூடேறி உலோகம் விரிந்தால் வாய் திறக்கும். தண்ணீரில் கலந்திருக்கும் கூலன்ட் இனிப்பு, எறும்புக்கு அது போதும்.

"காய்ச்சல் விட்ட பொறகு வந்து காய்ச்சல் பாத்திருக்கேன்" என்றார் இஸ்ஸதீன். தன் பிழையை அவர் ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். வேறு ஹீட்டர் கிடைக்கும்வரை, அதற்குத் தண்ணீர் போய்வரும் இரண்டு குழாயையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டினார். பெட்டியை சுதர்ஷினி ஒரு பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

நேராக அதிபர் வீட்டுக்குப் போனோம். நான் வேலிக்கு வெளியிலேயே நிற்கப் பார்த்தேன். சுதர்ஷினி விடவில்லை. அதிபரின் மனைவி பூரணி அக்கா கதவைத் திறந்தார். கொடியில் ஆறு சோடிக் காலுறை காய்ந்துகொண்டிருந்தது. எதுவும் வெள்ளை இல்லை. பாதத்தில் வெளிறிய பச்சை.

சுதர்ஷினி நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். எறும்பு, கூட்டம், விரிப்பு, எதையும் மறைக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பூரணி அக்கா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் தொவைச்சுத் தொவைச்சுப் பாத்தேன், பச்ச போகல" என்றார். "இந்த மனுசன் உள்ளுக்குள்ள என்னமோ அழுகுதுன்னு பயந்துட்டேன். சொன்னா அவரும் பயப்படுவாருன்னு சொல்லல."

உள்ளேயிருந்து அதிபர் வந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பிறகுதான் எங்களுக்கு மற்றப் பாதி தெரியவந்தது. அவரும் நம்பியிருந்தார். மரத்த காலுக்கு ஈரம் தெரிவதில்லை. பாடசாலையில் சப்பாத்தைக் கழற்றும்போதுதான் காலுறை நனைந்திருப்பது தெரியும். தனக்குத் தெரியாமலே தனக்கு நடக்கிறது என்று முடிவெடுத்து, மூன்று வாரமாகக் காலையில் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு தரம் சோதனை கொடுத்திருக்கிறார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, தண்ணீர் குறைவாகக் குடிக்கிறீர்கள் என்று டொக்டர் ஏசியிருக்கிறார். டொக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று இவர் நினைத்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் நாங்கள் விரிப்பு விரித்தோம்.

அவர் அந்தப் பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பின் மேல் விரலை வைத்தார். எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டார். எட்டுப் பேருக்கு என்றார் சுதர்ஷினி.

"எட்டு வாத்திமாருக்குத் தெரிஞ்சா மத்திய மாகாணத்துக்கே தெரியும்" என்றார் அதிபர். அப்போது அவர் முகத்தில் வந்தது சிரிப்பா வேறெதுவுமா என்று எனக்கு இன்னும் தெரியாது. சுதர்ஷினிக்குத் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிபர் பூரணி அக்காவிடம் தண்ணீர் கேட்டார். ஒரு செம்பு நிறையக் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். பெட்டியைத் திங்கட்கிழமை வரை தான் வைத்திருக்கலாமா என்று சுதர்ஷினியிடம் கேட்டார்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் ஆசிரியர் கூட்டம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் ஹீட்டர் பெட்டி. அதிபர் நாற்பது நிமிடம் பேசினார். என்ஜினில் சூடு எப்படிப் பிறக்கிறது, தண்ணீர் அதை எப்படிச் சுமக்கிறது, உலோகம் எப்படி விரிகிறது, கரும்பலகையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கினார். விஞ்ஞான ஆசிரியர் என்பதால் நிஷாந்தி டீச்சர் எழுந்து பெட்டியை எல்லோருக்கும் தெரியும்படி பிடிக்க வேண்டியிருந்தது. ஈரத்தைப் பற்றியோ விரிப்பைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டு, "சந்தேகம் இருக்கிறவங்க கேக்கலாம்" என்றார்.

யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் முன்சீட்டில் ஏறி, மழையைப் பற்றி ஒரு வசனம் சொன்னார். ஹீட்டர் இல்லை. நிஷாந்தி டீச்சர் வீட்டிலிருந்து வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை ஒன்றைக் கொண்டுவந்து, பாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது. அதிபர் அதை மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். அதுவும் ஒழுகிவிட்டால் தான் யாருக்கென்று பதில் சொல்வது என்றார். அன்று வேனில் எல்லோரும் சிரித்தோம். நான்தான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.

ஹீட்டர் மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. இஸ்ஸதீன் நானா அதைப் பூட்டும்போது சுதர்ஷினி பக்கத்தில் நின்று, சூட்டில் ஒருமுறை, ஆறியபின் ஒருமுறை பம்ப் அடிக்க வைத்தார். அதற்குப் பிறகு பிடிபடாத வண்டி ஏதும் கராஜுக்கு வந்தால் இஸ்ஸதீன் தொலைபேசியில் அவரைக் கூப்பிடுகிறார். சுதர்ஷினி போய் முதலில் வண்டியைப் பார்ப்பதில்லை. ஓட்டுநரை உட்காரவைத்து எப்போது, எந்தப் பாதையில், எதைத் திறந்திருந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். போன மாதம் மரக்கறி லொறிக்காரர் ஒருவரை அப்படி அரை மணி நேரம் விசாரித்தார். அந்த ஆள் குலதெய்வம் வரை எல்லாம் சொல்லி முடித்தார். கடைசியில் பார்த்தால் ஒரு ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது. சுதர்ஷினி அதைத் தானே முறுக்கிவிட்டு, பாடசாலை விடும் நேரமாகிறது என்று வேனை எடுத்தார்.